லேப்டாப்பு கத்தட்டும் மருமவனே, நீ கத்தாத

வாங்கின பில்லுல இன்னும் மசி காயல. அதுக்குள்ள பேட்டரி நிக்கலங்க, ஃபேன் பேயாக் கத்துதுங்க, வித்தவன் குடும்பத்தையே இழுத்து வச்சுத் திட்டுத. திட்டு மருமவனே, வாய்க்கும் வேலை வேணும்லா. உங்கப்பாவும் இப்படித்தான். புது பம்புசெட்டு தண்ணி எடுக்கலைன்னு கம்பெனிக்காரனக் கோர்ட்டுல ஏத்துதேன்னு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நின்னாரு. நான் போயி எட்டிப் பாத்தா, ஃபுட்வால்வு தண்ணிக்கு ஒரு முழம் மேல தொங்கிக்கிட்டுக் கெடக்கு. மச்சான் மானத்தக் காப்பாத்தணும்னு அன்னைக்கு வெளிய சொல்லல. இன்னைக்கு நீயா வந்து மாட்டுனதால சொல்லுதேன்.

மோட்டாருக்குக் காயில் கட்டித் தலை நரைச்சவனுக்கு லேப்டாப்பப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்காத. கரண்டு போற எடத்துல சூடு பொறக்கும், அதை வெளிய தள்ளக் காத்து வேணும். இம்புட்டுதான் சங்கதி. உன் பெட்டிக்குள்ள இருக்க சிப்பு, வேலை கூடினா 90 டிகிரி, 95 டிகிரின்னு போகும். 100 டிகிரிய நெருங்கினா தானாவே வேகத்தக் கொறச்சுக்கிடும். அந்தச் சூட்ட வெரட்டத்தான் ஃபேன் கத்துது. சூடு பொசுக்குத நேரத்துலயும் சத்தமே காட்டாம ஒரு ஃபேன் இருந்தா, அதுக்குத்தான் பயப்படணும்.

சரி, எங்க வச்சு வேலை பாக்க? மெத்தையில. மெத்தைக்கு மேல தலையணை, அதுக்கு மேல லேப்டாப்பு, அதுக்கு மேல நீ. மகராசனா இரு. அடியில வரிசையா ஓட்டை போட்டிருக்கானே, அது என்ன அழகுக்குப் போட்ட கோலமா? அனேகப் பெட்டிகளுக்குக் காத்து உள்ள போற வழியே அதுதான். வழிய இலவம்பஞ்சு வச்சு அடச்சிட்டு, மூச்சு வாங்குதேன்னு அதையே குத்தம் சொல்லுத. பலகை மேல வையி. பின்பக்கம் ரெண்டு விரக்கடை தூக்கி வச்சா இன்னும் நல்லது.

பலகை மேல வச்சும் கத்துதா? அப்ப யாரு வேலை வாங்குதான்னு பாரு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல சிபியுங்கிற தலைப்பத் தட்டு. அதிகமாத் திங்கவன் மேல வந்து நிப்பான். புதுப் பெட்டியில மொத ரெண்டு மூணு நாளு விண்டோஸ் அப்டேட்டு எறங்கும், இருக்க ஃபைலுக்கெல்லாம் அட்டவணை போடும், ஒன்டிரைவு உன் போட்டோவ எல்லாம் மேல ஏத்தும். ஓசியாப் போட்டுக் குடுத்த ஆன்ட்டிவைரசு மூலை முடுக்கெல்லாம் மோப்பம் பிடிக்கும். இதெல்லாம் முடியதுக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதிறாத. சார்ஜரக் குத்தி, தூங்க விடாம, ஒரு ராத்திரி ஓட விடு. காலையில பாக்கும்போதும் மேல நிக்கவன் குரோமுதான்னா, பெட்டி பாவம்டே, நீ தெறந்து போட்டிருக்க அறுபது டேபுக்கு அது என்ன செய்யும்? பவர் மோடு 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்'ல கெடந்தா 'பேலன்ஸ்டு'க்கு எறக்கு. கம்பெனி வெப்சைட்டுல புது பயாஸ் வந்திருக்கான்னும் பாரு. ஃபேன் கோளாறு சிலது அதுலயே சரியாயிரும். போடும்போது மட்டும் சார்ஜரப் புடுங்கிறாத, அப்புறம் பெட்டி எந்திரிக்காமலே போயிரும்.

அடுத்தது பேட்டரி. '12 மணி நேரம்னு அட்டையில போட்டிருக்கான் மாமா'ங்க. போடுவான். வெளிச்சத்தக் கொறச்சு வச்சு, வீடியோ ஒண்ண மட்டும் ஓட விட்டு அளந்த கணக்கா இருக்கும் அது. நீ உன் கணக்கப் போடு. பேட்டரி 50 வாட்-அவர்னு வையி. சாதுவா டைப் அடிச்சிக்கிட்டு 10 வாட்டுல ஓட்டுனா 5 மணி நேரம். வெளிச்சம் முழுசு, திரை 120 ஹெர்ட்ஸ், ஓரத்துல வீடியோ கால், பின்னால பாட்டுன்னு 25 வாட்டு இழுத்தா 2 மணி நேரம். வகுத்தல் கணக்கு அஞ்சாங் கிளாசுலயே வந்திருக்கணும். அன்னைக்கு நீ லீவு போல.

80ல நின்னு போச்சு, மேல ஏற மாட்டேங்குதுன்னு ஒப்பாரி வேற. அது நோவு இல்லடே, ஏற்பாடு. ஆயுசு கூடணும்னு அவனே நிறுத்தி வச்சிருக்கான். லெனோவாவுல 'கன்சர்வேஷன் மோடு'ன்னு பேரு, மத்தவன் வேற பேரு வச்சிருப்பான். ஊருக்குப் போற அன்னைக்கு மட்டும் எடுத்துவிட்டு 100 ஏத்திக்கோ. உங்கம்மா, புதுசுல எட்டு மணி நேரம் குத்தி வைக்கணும், சுத்தமா எறக்கிட்டு ஏத்தணும்னு சொன்னாளாக்கும்? அது நிக்கல்-காட்மியம் காலத்துச் சாஸ்திரம். 1991ல சோனிக்காரன் லித்தியம்-அயான் பேட்டரிய விக்க ஆரம்பிச்சான். இப்ப லேப்டாப்பு பூராவும் அந்தச் சாதிதான். அதுக்குப் பூச்சியத்துக்கு எறக்குததும் ஆகாது, 100ல சூட்டோட கெடக்கதும் ஆகாது. அந்த பேட்டரிக்கு வழி காட்டின மூணு பேருக்கு 2019ல நோபல் குடுத்தாங்க. அதுல ஜான் குட்இனஃபுக்கு அப்ப வயசு 97. நோபல் வாங்கினவங்கள்லயே மூத்தவரு அவருதான். வயசானவன் பேச்ச மதிக்கணும்னு நான் சொல்ல வரல, நீயாப் புரிஞ்சுக்கிட்டா சந்தோசம்.

டைப்-சி வாயில போனு சார்ஜரக் குத்திட்டு, ஏத்தவே மாட்டேங்குதுன்னு சொல்லுததும் நீதானே? 65 வாட்டு கேக்கவனுக்கு 20 வாட்டு ஊத்தினா, குத்தி வச்சிருக்கும்போதே எறங்கத்தான் செய்யும். ராத்திரி மூடி வச்சது காலையில பாதியாப் போச்சுங்கியே, அது வேற கதை. இப்ப வர்ற பெட்டியெல்லாம் மூடினாலும் அரைத் தூக்கம்தான் தூங்கும். பைக்குள்ள வச்சிருக்கும்போதே முழிச்சு அப்டேட்டு பாத்து, பையையே அடுப்பாக்கினதும் உண்டு. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்சுல போயி, மூடினா 'ஹைபர்னேட்' ஆகுத மாதிரி மாத்தி வையி. எந்திரிக்கக் கொஞ்ச நேரம் கூட ஆகும். உனக்கு அப்படி என்ன கலெக்டர் ஆபீசா காத்துக் கெடக்கு?

இம்புட்டும் செஞ்சும் நிக்கலைன்னா, பெட்டிக்கிட்டயே வாக்குமூலம் வாங்கு. கமாண்ட் பிராம்ப்டத் தெறந்து, இங்கிலீசு எழுத்துல பவர்சிஎஃப்ஜின்னு சேத்து அடி. ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட்டுன்னு அடிச்சு என்டரத் தட்டு. ஃபைல எங்க வச்சிருக்குன்னு அதுவே சொல்லும். அதுல டிசைன் கெப்பாசிட்டின்னு ஒரு எண்ணு, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு ஒரு எண்ணு. புதுசுன்னா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா பாதகமில்ல. 50க்கு 40தான் நிக்குன்னா உன் வழக்கு நியாயமான வழக்கு. சைக்கிள் கவுன்டையும் பாரு. நேத்து வாங்கின பெட்டிக்கு நூத்துச் சொச்சம் சைக்கிள் காட்டினா, உனக்கு முன்னாடி எவனோ அதோட குடும்பம் நடத்தியிருக்கான்.

ஒண்ணுக்கு மட்டும் வெளையாட்டு இல்ல. டச்பேடு மேல எழும்பி நின்னாலோ, அடிப்பலகை உப்பினாலோ, அது பேட்டரி வீங்குது. அணைச்சு வச்சிட்டு நேரா சர்வீசுக்குக் கொண்டு போ. நீயா நோண்டவோ குத்தவோ செய்யாத, தீப்பிடிக்கும்.

ஃபேன் 'கரகர'ன்னு தேயுத சத்தம் குடுத்தாலும், சுத்தவே இல்லைன்னாலும் சர்வீசுதான். திருப்புளிய எடுத்துறாத, வாரன்டிய ஒழுங்கா வச்சுக்கோ. மாத்திக் குடுக்க கெடு சில எடத்துல ஒரு வாரம்தான், பில்லுல பாத்துக்கோ. போகும்போது ரிப்போர்ட்ட அச்சடிச்சு எடுத்துக்கோ. எந்த வேலையும் ஓடாத நேரத்துல ஃபேன் கத்துதத டாஸ்க் மேனேஜரோட சேத்து வீடியோ பிடிச்சுக்கோ. அங்க மேசைக்குப் பின்னால இருக்கவன் மொத கேள்வியே, 'விண்டோசத் திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா சார்?'ம்பான். அதுக்கு ஒரு வார்த்தையும் பேசாத. காகிதத்த மட்டும் மேசையில வையி. வச்சிட்டு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு.