டீக்கடை பெஞ்சும் பேர் விசாரிக்கும் கலையும்: சேந்தமங்கலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கணினி வரலாறு எழுதியவர்கள் ஒரு பெரும் பிழை செய்திருக்கிறார்கள். அரட்டை சர்வர் ஒன்று, புதிதாக வருகிற ஆளின் பேரை வெளியே விசாரிக்கும்போது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைக் காக்கவைக்காமல் இருக்கும் உத்தியை வெளிநாட்டார் கணக்கில் எழுதிவிட்டார்கள். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கு இறங்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது. அந்தக் குறையை நீக்கவே இந்த ஆய்வு. களம், சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு டீக்கடை. நிதி, நாளொன்றுக்கு இரண்டு டீ, ஒரு பருப்பு வடை. ஒரே ஒரு டீ நீங்கலாக அனைத்தும் கட்டுரையாளரின் சொந்தச் செலவு. அந்த ஒரு டீயைப் பற்றிப் பிறகு.

முதலில் ஒரு தெளிவு. எந்தச் சேந்தமங்கலம்? பதின்மூன்றாம் நூற்றாண்டில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனையே பிடித்துச் சிறைவைத்த சேந்தமங்கலம் வேறு. அது உளுந்தூர்பேட்டைப் பக்கம். நம்முடையது நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை அடிவாரம். இந்தக் குழப்பமே நம் ஆய்வுப் பொருளுக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. ஒரே பேரில் இரண்டு ஊர் இருக்கலாம். ஒரே தாய்க்கு ஒரே பேரில் இரண்டு பிள்ளை இருக்கக் கூடாது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ், கணினிகளின் பேருக்கும் எண்ணுக்கும் கணக்கு வைக்கும் டி.என்.எஸ். என்ற பேரேட்டை வகுத்தபோது வைத்த விதியும் இதுதான். அதற்கு முன் இணையத்திலிருந்த எல்லாக் கணினிகளின் பேரும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஓர் அலுவலகம் அதைப் பராமரித்தது; மற்றவர்கள் நகலெடுத்துக்கொண்டார்கள். ஊர் பெருத்தது, ஏடு தாங்கவில்லை. எனவே அந்தந்தக் கிளையின் பேரை அந்தந்தக் கிளைக்காரரே எழுதிக்கொள்வது என்று பிரித்தார்கள். விலாசத்தைப் படிப்பது வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாக. தபால் பிரிப்பவர் கடிதத்தை அடிவரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறாரே, அதே மாதிரி.

இனி அரட்டை. 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை நிரலை எழுதினார். வருகிறவனை அந்த சர்வர் சும்மா விடாது. அவன் கொண்டுவருவது எண் விலாசம். சர்வருக்கு வேண்டியது பேர். பேர் தெரிந்தால்தான் பக்கத்தில் எழுதிக் காட்டலாம், இன்ன இடத்து ஆளை உள்ளே விடாதே என்று தடையும் போடலாம். அதற்காக எண்ணைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் போட்டு, இது யார் என்று டி.என்.எஸ்.ஸிடம் கேட்கும். கேட்பதற்குக் கைவசம் இருந்தது ‘கெட்-ஹோஸ்ட்-பை-நேம்’ வகையறா. பெர்க்லியில் செய்த இந்தச் செயல்கூறுகளுக்கு ஒரு குணம் உண்டு: பதில் வரும்வரை நகராது. ஐந்து விநாடி பார்க்கும், மறுபடி கேட்கும், காத்திருப்பை இரட்டிப்பாக்கும். மறுமுனை ஊமையாக இருந்தால் ஒரு நிமிடம்கூடக் கடந்துவிடும். அரட்டை சர்வரோ ஒற்றை ஆள். அது நின்றால் நூற்றுக்கணக்கானவர்களின் பேச்சும் வாய்க்குள்ளேயே நிற்கும்.

அப்படி ஒரு டீ மாஸ்டரைக் கற்பனை செய்து பாருங்கள். புது முகம் ஒன்று வந்து கணக்கில் டீ கேட்கிறது. மாஸ்டர் வடிகட்டியை வைத்துவிட்டு, ஊருக்குள் நடந்துபோய், இவன் யார் வீட்டுப் பையன் என்று விசாரித்துவிட்டு வருகிறார். அதற்குள் பால் பொங்கிப் பாத்திரம் கருகியிருக்கும். மலைக்குப் போகும் பஸ்ஸும் கிளம்பியிருக்கும்.

1993 மே மாதம் ஓய்க்கரினெனும் டேரன் ரீடும் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1459 என்ற ஆவணம் இந்தத் துன்பத்தை ஒப்புக்கொள்கிறது. அதனால் தனியாகப் பெயர் தேடும் நிரல்கூறுகளை எழுதி, சர்வரின் முதன்மைச் சுழற்சிக்குள்ளேயே அவற்றையும் எட்டிப்பார்க்கும்படி வைத்தோம் என்கிறது. கேள்வியை வீசிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பது. சுற்றி வரும்போதெல்லாம் பதில் வந்ததா என்று ஒரு பார்வை. கலைச்சொல் அகராதி இதற்கு ‘ஒத்திசைவற்ற’ என்கிறது. கேட்டால் ஏதோ கச்சேரி கெட்டுப்போன மாதிரி இருக்கிறது. நான் ‘நில்லாத் தேடல்’ என்கிறேன்.

இப்போது களத்துக்கு வருவோம். காலை ஆறே முக்கால். மாஸ்டர் வலது கையை உயர்த்தி ஆற்றிக்கொண்டிருக்கிறார். இடது கையில் கிளாஸ். ஓர் இளைஞன் வருகிறான்.

“டீ ஒண்ணுங்கண்ணா. கணக்குல எழுதிக்குங்க.”

“எந்தூருங்க தம்பி?”

“இந்தூருதாங்க.”

“எந்தப் பக்கம்? யாரூட்டுப் பையன்?”

பெரியதிலிருந்து சிறியதற்கு: ஊர், பக்கம், வீடு. பையன் ‘கெணத்துமேட்டாரூடு’ என்கிறான். மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. கிளாஸ் கழுவும் சிறுவனைப் பார்த்துத் தாடையை ஆட்டுகிறார். “போயி கேட்டுட்டு வாடா.” சிறுவன் ஓடுகிறான். மாஸ்டர், “ஸ்ட்ராங்கா ரெண்டு, சக்கரை கம்மியா ஒண்ணு” என்று அடுத்தவர்களுக்கு எடுத்து வைக்கிறார். வாசலில் சிறுவனின் தலை தெரிகிறதா என்று ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறார். சுழற்சிக்குள் எட்டிப்பார்ப்பது என்று ஆர்.எஃப்.சி. சொல்வது இந்த நிமிர்தலைத்தான்.

சிறுவன் முதலில் ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் கேட்கிறான். அவர், “எனக்குத் தெரியல, கோயிலுக்குப் பின்னால கேளு” என்கிறார். டி.என்.எஸ்.ஸில் மேல்நிலை சர்வர்கள் நாள் முழுக்கச் சொல்வது இந்த ஒரு வாக்கியம்தான். ‘தெரியாது, ஆனால் யாருக்குத் தெரியும் என்பது தெரியும்.’ கோயிலுக்குப் பின்னால் பதில் கிடைக்கிறது. ஆனால் அனுபவமுள்ள சிறுவன் அதோடு திரும்புவதில்லை. கெணத்துமேட்டார் வீட்டுக்கே போய், “உங்க பையன் டீக்கடைல இருக்கானுங்களா?” என்று எதிர்த்திசையிலும் கேட்டுவிடுவான். ஐ.ஆர்.சி. சர்வரும் எண்ணுக்குக் கிடைத்த பேரை மறுபடி எண்ணாக்கிப் பார்த்து, இரண்டும் ஒத்தால்தான் நம்பும். இந்தச் சோதனை இல்லாவிட்டால் எவனும் தன் எண்ணுக்குத் தாசில்தார் வீட்டுப் பேரை எழுதிவைத்துக்கொண்டு வருவான்.

இதில் நம் அறிஞர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. நில்லாத் தேடல் என்றதும் காத்திருப்பே ஒழிந்தது என்று எழுதுகிறார்கள். ஒழியவில்லை. அந்தப் பையன் நின்றுகொண்டுதான் இருக்கிறான். ஐ.ஆர்.சி.யிலும் புதிதாக வந்தவனுக்கு, ‘உங்கள் கணினியின் பேரைத் தேடுகிறோம்’ என்று ஓர் அறிவிப்பு வரும். பதிலோ கெடுவோ முடியும்வரை அவன் வாசற்படிதான். முன்பு கடை முழுவதும் அவனோடு சேர்ந்து காத்திருந்தது. இப்போது யாருடைய பேர் தெரியவில்லையோ அவன் மட்டும் காத்திருக்கிறான். காத்திருப்பை இப்படி உரியவன் தலையில் இறக்கிவைத்ததுதான் கண்டுபிடிப்பு.

இன்னொரு மாஸ்டரை வைத்துக்கொண்டால் என்ன என்று எதிர்த்தரப்பு கேட்கும். எதிர்வரிசைக் கடையில் வைத்துப் பார்த்தார்கள். மாஸ்டர் இரண்டு, சர்க்கரை டப்பா ஒன்று. அதன் கதையைப் பல இழை நிரல் எழுதியவர்களிடம் கேட்டுக்கொள்ளவும்.

விசாரித்ததை நினைவில் வைத்துக்கொள்வது அடுத்த சங்கதி. டி.என்.எஸ். பதில் ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு. இத்தனை விநாடிக்கு மேல் இதை நம்பாதே என்று கூடவே எழுதி வரும். மனித நினைவுக்கு அந்த வசதி இல்லை. சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 1997 ஜனவரி 1-ஆம் தேதி. இன்றும் ‘சேலம் ஜில்லா’ என்று விலாசம் சொல்லும் பெரியவர்களை அந்த பெஞ்சில் பார்த்திருக்கிறேன். கடிதமும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. பின்கோடு காப்பாற்றுகிறது என்பது என் கணிப்பு.

நில்லாத் தேடலில் உண்மையான ஆபத்து ஒன்றுதான். பதில் வருவதற்குள், யாரைப் பற்றிக் கேட்டோமோ அந்த ஆள் எழுந்து போய்விட்டால்? சர்வர் அந்த இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடும். பழைய கேள்வியின் பதில் தாமதமாக வந்து, இடத்தைப் பார்த்து இறங்கினால், ஒருவன் பேர் இன்னொருவன் தலையில் ஏறும். ஆகவே ஆள் கிளம்பியதுமே அவன் பொருட்டு வெளியே போயிருக்கும் கேள்விகளை அடித்துவிட ஐ.ஆர்.சி. நிரலில் தனி வேலை உண்டு. டீக்கடையில் இல்லை. இதை நான் ஆதாரத்தோடு சொல்ல முடியும்.

ஒரு வெள்ளிக்கிழமை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், விசாரணை முடிவதற்குள் மலை பஸ் வந்துவிட்டதால் ஓடிப்போய் ஏறிவிட்டார். காலியான அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். மூச்சு வாங்க வந்த சிறுவன் பெஞ்சின் ஓரத்தை நோக்கிக் கையை நீட்டி, “ஆமாங்களாம், கோழிப்பண்ணைக்காரர் மாப்பிள்ளைதானாம்!” என்று அறிவித்தான். மாஸ்டர் கிளாஸைத் துடைத்து, ஏலக்காய் தட்டிப்போட்டு ஒரு டீ நீட்டினார்.

“அது நானில்லீங்க.”

“அட, விசாரிச்சாச்சுங்க மாப்ளே, குடிங்க.”

காசை நீட்டினேன். வாங்கவில்லை. மாமனார் கணக்கில் எழுதிவிட்டாராம்.