காலம் தவறி வந்தவர்

கேள்வி: வேறொரு காலத்திலிருந்து ஒருவர் வழிதவறி 2100-இன் கோலாலம்பூரில் வந்து நின்றால், அன்றைய சமுதாயம் அவரை எப்படி நடத்த வேண்டும்?

பதில்: 2100 வரை போவானேன்? நாடு விடுதலை பெற்ற 1957 ஆகஸ்டு 31-க்கு முன்பே இந்த மலேசிய மண்ணில் பிறந்தும், பிறப்புப் பத்திரம் இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியோடு (அடையாள அட்டை) முதுமையடைந்த ரப்பர் தோட்டத்துப் பாட்டிகள் நம்மிடையே உண்டு. அவர்கள் எங்கும் போகவில்லை. நாடுதான் அவர்களை விட்டுவிட்டுப் புதிய காலத்துக்குள் போய்விட்டது. ஓட்டுப்போட முடியாது. குடியுரிமை கேட்டால், மலாய் தெரியுமா என்று அரசமைப்பின் 16-ஆம் விதி கேட்கும். அறுபதைக் கடந்த 3,407 இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை தருவதாக 2018-இல் பிரதமர் மகாதீர் அறிவித்தபோது மனம் குளிர்ந்தது. மிச்சமுள்ளவர்களையும் தேடிப்போய்க் கொடுக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது, பால்மரம் சீவித் தேய்ந்த விரலின் ரேகை இயந்திரத்தில் பதியவில்லையா? இயந்திரத்தை மாற்றுங்கள், பாட்டியை அலையவிடாதீர்கள்!