ஒரு ரவுண்டு மாமா

"பொலைக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வாறேன்."

ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் இந்தக் குரல் கேட்டால் மணி ஒன்பது. ஒரு கையில் கறுப்புக் குடை, மறு கையில் நாலாக மடித்த சாக்குப் பை, தோளில் துவாய். போன தீபாவளிக்கு மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த டீசேர்ட்டின் முதுகில் ஏதோ வெளிநாட்டுப் பந்தாட்டக்காரனின் பெயர். இவருக்கும் ஒரு பெயர் உண்டு. தோட்டத்துச் செக்றோல் பதிவுக்கு வெளியே அதை யாரும் பாவிப்பதில்லை. கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் டிவிசனுக்கு ஒருவர் இப்படி இருப்பதால் ரவுண்டு மாமா என்றே வைத்துக்கொள்வோம்.

பொல என்றால் வாரச் சந்தை. மாமா அங்கே போவது வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கிரவுண்டுக்குப் போவது ஆடவும் இல்லை. ஆனாலும் அவர் வராத நாளில் பொல கூடியதாகவோ மெச் நடந்ததாகவோ ஒப்புக்கொள்ள முடியாது. முக்கியமாக அவரால் முடியாது.

மேலே தேயிலை, இடையில் இறப்பர், கீழே வயல், வயலுக்குள் மாணிக்கக் குழி என்று சரிந்து கிடக்கிற ஊர் இது. இங்கே சமதரை மாணிக்கத்தைவிட அருமையான பொருள். தோட்டத்துக்கு வாய்த்த ஒரே சமதரைக்கு ஓய்வே கிடையாது. மாசியில் காமன் கூத்து, சித்திரையில் வழுக்குமரம், தேர்தல் வந்தால் மேடை. மற்ற ஞாயிறுகளில் ஒரு பாதியில் வொலிபோல் வலை, மறு பாதியில் மரக்கறிச் சாக்கு. டவுனில் கூடும் பெரிய பொலையின் குட்டி என்று இதைச் சொல்லலாம். வலைக்கும் சாக்குக்கும் நடுவே கோடு எதுவும் கிழித்திருக்கவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு மாமா நிற்கிற இடம்தான் கோடு.

பெல்மதுளையிலிருந்து கஹவத்தை வழியாக எம்பிலிப்பிட்டிக்கு இறங்குகிற ஏ18 வீதிதான் இந்தப் பொலைக்குப் படியளக்கிறது. கீழேயிருந்து வாழைக்குலையும் எருமைத் தயிர்ச் சட்டியும் உடவளவைக் குளத்து மீனும் ஏறி வரும். மேலேயிருந்து கரட், லீக்ஸ், கோவா இறங்கி வரும். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஆச்சிமார் வெற்றிலை, கொரக்காய், ஈரப்பலாக்காய், கித்துள் கருப்பட்டி கொண்டு வருவார்கள். லயத்துக் கோடியில் வளர்ந்த வல்லாரையும் மரவள்ளியும் நம்முடைய ஆட்களின் பங்கு. தோட்டக்காரன் கையிலிருந்து நேரே வாங்குகிறோம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் போஞ்சியில் பாதி, தம்புள்ளை லொறியில் படுத்துத் தூங்கி வந்தது. அது எந்தப் பாதி என்று கண்டுபிடிக்கும் வித்தை தமக்கு மட்டும் தெரியும் என்பது மாமாவின் கட்சி.

வித்தையைப் பார்க்க வேண்டும். ஒரு கத்தரிக்காயை எடுப்பார். கஹவத்தைச் சந்தியில் கல்லு வியாபாரிகள் கடுதாசிச் சுருளைப் பிரித்து நீலக்கல்லை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்களே, அதே பாவனை. ஒற்றைக் கண்ணை மூடுவார். உருட்டுவார். காம்பை முகர்வார். "உள்ளுக்க ஓட்டம் இருக்குது" என்பார். கல்லுக்கு ஓட்டம் உண்டு, கத்தரிக்காய்க்கு ஏது என்று எந்த வியாபாரியும் கேட்டதில்லை. பிறகு அதே இடத்தில், அதே முகம் பார்க்க வைத்துவிட்டு அடுத்த சாக்குக்கு நகர்வார். 2021இல் இரத்தினபுரிப் பக்கத்து வீடொன்றில் கிணறு வெட்டும்போது 510 கிலோ நிறையில் நீலக்கல் திரள் கிடைத்த செய்தியை உலகமே பேசியது. மாமா மட்டும் அசரவில்லை. "அதவிட பெருசுல குந்திக்கிட்டு நான் வெத்தல போட்டிருக்கேன். அப்ப நமக்கு டைம் இல்ல" என்றார்.

விலை பேசுவது மற்றவர்களுக்காக. புதிதாகக் கல்யாணமான பிள்ளை ஒன்று வெண்டிக்காய் முன் தயங்கி நின்றால் போதும், பின்னாலிருந்து குடை நீளும். "கீயத ஆச்சி?" ஆச்சி கிலோ விலை சொல்வார். மாமா அதை மனதுக்குள் றாத்தலாக்கி, பழைய விலையோடு ஒத்துப்பார்த்து, "அம்மே!" என்று நெஞ்சில் கை வைப்பார். நாடு மெட்ரிக்குக்கு மாறி எத்தனையோ வருசமாகிவிட்டது; மாமா மாறவில்லை. அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 450 கிராம் பாணை இன்றைக்கும் நாமெல்லோரும் றாத்தல் பாண் என்றுதான் கேட்டு வாங்குகிறோம்.

வெயில் ஏறியதும் மாமா அப்படியே திரும்பி நிற்பார். இப்போது அவர் கோச்.

கரப்பந்தாட்டம் 1991இலிருந்து இலங்கையின் தேசிய விளையாட்டு. அரசாங்கம் அதை அறிவித்ததே தம்முடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்பதுபோல மாமா பேசுவார். ஆண்களுக்கு வலை 2.43 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். குடையை எட்டித் தூக்கிப் பிடித்து முனை வலைமேல் பட்டால், மாமாவின் கணக்கில் அது சர்வதேச உயரம். 2000க்குப் பிறகு உலகம் முழுக்க யார் சேர்வ் போட்டாலும் புள்ளி, 25இல் செட். மாமாவின் செட் இன்னும் 15இல்தான் முடிகிறது; சேர்வ் போட்டவனுக்குத்தான் புள்ளி. ஆகவே ஒரே மெச்சுக்கு எப்போதும் இரண்டு ஸ்கோர் ஓடும். பொடியன்களின் கணக்கில் மூன்றாம் செட் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது, மாமாவின் கணக்கில் முதல் செட் நாலுக்கு ஏழு.

"டேய், ஒசந்து அடிடா! கொழுந்து கிள்ளுறாப்புல தட்டுறியே!"

"மாமா, நீங்க வந்து அடிச்சுக் காட்டுங்களேன்."

"நான் அடிச்சா பந்து கொடகவெலைக்குப் போயிரும். யாரு போயி எடுத்துக்கிட்டு வாறது?"

போன மாதம் சம்பள வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அவர் உசுப்பிவிட்ட பொடியன் ஒருவன் நிஜமாகவே ஒசந்து அடித்தான். பந்து வலையைத் தாண்டியது, கோட்டைத் தாண்டியது, மாமாவையும் தாண்டிப் போய் ஆச்சி ஒருவரின் பூசணிக்காய்க் குவியலில் விழுந்தது. உச்சியில் இருந்த காய் உருண்டு கல்லில் மோதிப் பிளந்தது. இரண்டு டீமும் ஒரே நேரத்தில் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தன. ஆச்சி பந்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மாமா மெதுவாக நடந்து போனார். முதலில் தீர்ப்பு: "அவுட்!"

அவுட்டோ இன்னோ எனக்கெதற்கு, வட்டக்காவுக்குக் காசு என்றார் ஆச்சி சிங்களத்தில். மாமா பிளந்த காயைத் தூக்கி இரண்டு பாதியையும் கூட்டத்துக்குக் காட்டினார். "பாருங்க, என்னா செவப்பு! வெட்டாம உள்ளுக்க பாக்க முடியுமா? பொடியன் செலவில்லாம வெட்டிக் காட்டியிருக்கான்." ஆச்சியின் கத்தியை வாங்கிக் கீறு போட்டார். முழுப் பூசணிக்காய் வாங்கக் கையில் காசில்லாத வீடுகள் லயத்தில் எத்தனையோ. ஒரு கீறு என்றதும் கைகள் நீண்டன. கால் மணி நேரத்தில் ஏழு கீறு போய்விட்டது. ஆச்சி காசை எண்ணினார், மறுபடி எண்ணினார். முழுக்காயாக விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிடக் கூட. பந்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, குவியலில் இன்னொன்றைத் தள்ளி முன்னால் வைத்துவிட்டு, இதற்கும் ஒரு அடி அடிப்பீர்களா மாமே என்று கேட்டார்.

எட்டாவது கீறு மாமாவின் கொமிசன். எனக்குத் தெரிந்து அந்தச் சாக்குப் பைக்குள் போன முதல் சாமான் அதுதான். அன்றைக்கு மழைக்கு முன்னமே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் பையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

மாமி அடுப்படியில் இருந்தார். ஆறு நாளும், நாளுக்குக் கிள்ள வேண்டிய நோம் கிலோவுக்காக மலையில் நிற்கிறவர். கைக்காசு வேலை இல்லாத ஞாயிறு மட்டும் அவருடையது. விடிந்ததும் பீலிக்குப் போய்க் குளித்து, ஏழு மணிக்கெல்லாம் பொலைக்குப் போய் வாரச் சாமானை வாங்கிவந்து அடுக்கியிருந்தார். நெத்தலி, வெங்காயம், மரவள்ளி, மூலையில் ஒரு முழுப் பூசணிக்காய். அதே ஆச்சியிடம், கிலோவுக்குப் பத்து ரூபா குறைத்து.

கீறைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னா மண்ணு?"

"அது கிரவுண்டு மண்ணு. சொன்னா ஒனக்கு வெளங்காது."

மாமி ஒன்றும் பேசவில்லை. கீறைக் கழுவி வைத்தார். பையை உதறி, பழையபடி நாலாக மடித்து, அடுத்த ஞாயிறு கைக்கு எட்டும்படி கதவாணியில் மாட்டினார்.