எறும்புக்குத் தெரிஞ்ச ரகசியம்

வா தாயி, இப்படித் திண்ணையில வந்து உக்காரு. ஏழு மாசம் ஆகப் போகுது, நின்னுக்கிட்டே கேக்குற கதையில்ல இது. நேத்து ராத்திரி ஒரே ஒரு இட்லியோட கையக் கழுவிட்டயாமே? உங்காத்தா எங்கிட்ட வந்து மூக்கச் சிந்துறா, "புள்ளைக்கு வாய்க்கு எதுவும் பிடிக்கல அத்தை"ன்னு. நானும் "ஆமாத்தா, பாவம்"னு சொல்லி வச்சேன். பேத்தியக் காட்டிக் குடுக்குற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆனா எறும்புக்கு அந்த நல்ல புத்தி இல்ல பாரு. காலையில அடுக்களைச் சுவத்துல சாரை சாரையாப் போகுதுக. இம்புட்டு அவசரமா யாரு வீட்டு விசேசத்துக்குன்னு நானும் பின்னாலயே போனேன். அரிசிப் பானைக்குப் பின்னாடி, பழைய சேலையில சுத்தி, ஒரு எவர்சில்வர் டப்பா. வளைகாப்புக்கு வந்த அதிரசம். 20 வந்துச்சு, நான்தான் எண்ணி வாங்கினேன். இப்ப 7 இருக்கு. மிச்சத்த எறும்பு தின்னுருக்கும்னே வச்சுக்குவோம். 13 அதிரசம் தின்ன எறும்பு மூச்சு வாங்கிக்கிட்டுப் படுத்துல்ல கிடக்கணும்?

உன் கணக்கு எனக்குப் புரியாம இல்ல. இன்னைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல சக்கரை பாப்பாக. நேத்து ஒரு ராத்திரி வாயக் கட்டினா ரத்தம் யோக்கியமா வந்து நிக்கும். நல்ல கணக்குதான். ஆனா அந்தப் பரீட்சைய வச்சவுக உன்னையும் என்னையும் விட விவரமானவுக. மெட்ராஸ்ல சேஷையான்னு ஒரு பெரிய டாக்டரு. புள்ளத்தாச்சி பட்டினியா வந்தாளா, பந்தியில இருந்து எந்திரிச்சு வந்தாளான்னு பாக்காத சோதனைதான் நம்ம ஊருக்கு ஒத்து வரும்னு நின்ன மனுசன். அவரு பொறந்த மார்ச் 10ஆம் தேதியத்தான் கர்ப்பகாலச் சக்கரைக்குன்னு ஒரு நாளா வச்சிருக்காக. நம்ம தமிழ்நாட்டுல 2007லயே எல்லாப் புள்ளத்தாச்சிக்கும் சக்கரை பாக்கணும்னு உத்தரவு போட்டாச்சு. இந்தக் கிழவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்கிறயா? ஊசியப் பாத்தா மத்தவுக கண்ண மூடுவாக. நான் வாயத் திறந்து நர்சம்மாவக் கேள்வி கேப்பேன்.

அங்க என்ன நடக்கும்னு சொல்றேன் கேளு. 75 கிராம் குளுக்கோஸ 300 மில்லி தண்ணியில கலக்கித் தருவாக. அஞ்சு, பத்து நிமிசத்துல குடிச்சு முடிக்கணும். காப்பி மாதிரி ஊதி ஊதிக் குடிக்கக் கூடாது. அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா மறுநாள் முதல்ல இருந்து. அதனால கொல்லப்பக்கம் போயி விரல விடுற யோசனை இருந்தா அதையும் இங்கனயே இறக்கி வச்சுட்டுப் போ. ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாக. 140க்குக் கீழ இருந்தா சந்தோசம். 140 தொட்டுட்டா கர்ப்பகாலச் சக்கரைன்னு அட்டையில எழுதிருவாக. பதிவு பண்ணின அன்னைக்கே ஒருக்கா பாத்து நல்லாத்தான இருந்துச்சுன்னு கேப்ப. அது அப்ப. நஞ்சுக்கொடி வளர வளர அதுல ஊறுற சுரப்புக உன் இன்சுலின வேலை செய்ய விடாது. எல்லாச் சத்தும் புள்ளைக்கே போகட்டும்கிற பாசம் அதுக்கு. அதனாலதான் ஆறு, ஏழு மாசத்துல மறுபடியும் பாக்குறாக.

"சக்கரை கூடினா கூடட்டும், புள்ள கொழுகொழுன்னு பொறக்கும்"னு உன் சின்னத்தை சொன்னாளாமே. ரொம்பச் சரி. உன் ரத்தத்துச் சக்கரை கொடி வழியா உள்ள போகும். அந்தப் பச்ச மண்ணு அத்தனையையும் தன் கணையத்த வச்சுச் சமாளிக்கும். ஊதிப் பெருத்து வரும்போது உனக்கும் கஷ்டம், அதுக்கும் கஷ்டம். வெளிய வந்ததும் கொடிய வெட்டிருவாகல்ல? வரத்து நின்னுபோகும், சுரப்பு மட்டும் நிக்காது. புள்ளைக்குச் சக்கரை சட்டுன்னு இறங்கி உடம்பு நடுங்கும். சின்னத்தை அன்னைக்குத் தொட்டில்ல போட்டுக் கூப்பிடப் பேரு யோசிச்சுக்கிட்டு இருப்பா.

ரெண்டு உசுருக்குத் திங்கணும்னு ஊரே சொல்லுது. சொல்லட்டும். ரெண்டாவது உசுரு இன்னும் ஒரு பப்பாளிக்காய் தண்டிகூட இல்ல. அதுக்கு எதுக்குத் தனி இலை? நாளைக்கு 350 கலோரி கூடுதலாப் போதுமாம். நாலு இட்லி, ஒரு கரண்டி சாம்பார். அம்புட்டுத்தான் உன் புள்ளையோட பந்தி. இதுல அதிரசம் சீனி இல்லையாம், வெல்லமாம், அதனால குத்தமில்லையாம்! கருப்பட்டி, நாட்டுச் சக்கரை, தேனு எல்லாம் ஒரே வீட்டுப் புள்ளைக, சட்டை மட்டும்தான் வேற. கேப்பக்களி நல்லதுன்னு கலயம் கலயமா உருட்டுனாலும் சக்கரை ஏறத்தான் செய்யும். குங்குமப்பூப் பால்ல நாலு கரண்டி சீனி போட்டா நிறம் வருமோ என்னமோ, ரீடிங் வரும். சோத்த விட்டுறச் சொல்லல. கொஞ்சமாப் போடு, காயும் பயறும் முட்டையும் கூட வையி, நாளைக்கு மூணு வேளைய அஞ்சாப் பிரி. சாப்பிட்ட கையோட சீரியலுக்கு முன்னாடி சாயாம, இந்தத் தெருவ நாலு நடை நட. அதுக்கும் அடங்கலைன்னா மாத்திரையோ இன்சுலின் ஊசியோ குடுப்பாக. ஊசி புள்ளைக்கு ஆகாதுன்னு ஒருத்தி வருவா பாரு. அந்த மருந்து கொடியத் தாண்டி உள்ள போகாது தாயி. சக்கரைதான் தாண்டும்.

மாப்பிள்ளை, செல்ல வச்சுட்டு நீங்களும் கொஞ்சம் கேளுங்க. முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்துல 18,000 ரூபா உதவி எந்தெந்த மாசம் பிரிச்சுப் பிரிச்சு வரும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்றீக. இவ அடுத்த செக்கப்பு தேதி என்னன்னு கேட்டா மோட்டு வளையப் பாக்குறீக. ரெண்டும் ஒரே அட்டையிலதான் எழுதியிருக்கு. அடுத்த பக்கம்.

இப்ப பிரஷருக்கு வருவோம். அதுக்கும் அதே 140தான், கிழவி நினைவு வைக்கத் தோதா வச்சிருக்காக. மேல 140, கீழ 90. அஞ்சு மாசத்துக்கு மேல அது ரெண்டுல ஒண்ணத் தொட்டு நின்னா சும்மா விட மாட்டாக. மூத்திரத்துல புரதம் போகுதான்னு பாப்பாக. 160, 110ன்னா வீட்டுக்கே விட மாட்டாக. பட்டை கட்டுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிசம் சாஞ்சு உக்காந்து, கால் ரெண்டையும் தரையில ஊனி, கைய நெஞ்சு மட்டத்துல வச்சு, வாயத் திறக்காம இருக்கணும். கடைசிச் சங்கதி நம்ம வம்சத்துக்கு ஒத்து வராது. எனக்கு எப்பவும் பத்து கூடக் காட்டுறது அதனாலதான்.

வளைகாப்பன்னைக்கு முழங்கை வரைக்கும் வளையல் போட்டாகளே, அந்தப் பட்டையும் ஒரு வளையல்தான். மத்தது குலுங்கும், இது உண்மையச் சொல்லும். "எனக்கு ஒண்ணும் செய்யல அப்பத்தா, நல்லாத்தான இருக்கேன்"கிற. சக்கரையும் பிரஷரும் கதவத் தட்டிட்டு வர்ற விருந்தாளியில்ல.

உங்க தாத்தாவோட தங்கச்சி ஒருத்தி இருந்தா. உனக்குத் தெரியாது, உங்கப்பனுக்கே தெரியாது. எட்டு மாசத்துல கால் வீங்கி மெட்டி கழறல. முகம் பூரியா உப்பிருச்சு. "ரெண்டு நாளாத் தலை பொளக்குது மதினி, கண்ணுல பூச்சி பறக்குது"ன்னா. நான்தான் சொன்னேன், வெயில் சூடு, உச்சியில விளக்கெண்ணெய் வையின்னு. புள்ளத்தண்ணி, ஆம்பளப் புள்ளதான்னு கேலியும் பண்ணினேன். விடியக் காலம் வலிப்பு வந்துச்சு. சன்னின்னு வேப்பிலை அடிச்சாக. மத்தியானத்துக்குள்ள ரெண்டு உசுரும் போச்சு. மெட்டிய அறுத்துத்தான் எடுத்தோம்.

சரி, மூஞ்சியத் தூக்கி வைக்காத. அன்னைக்கு எங்க யாருக்கும் பிரஷர்ங்கிற வார்த்தையே தெரியாது. இன்னைக்கு வலிப்பத் தடுக்க மெக்னீசியம் சல்பேட்னு ஊசியே இருக்கு, போயிச் சேரணும், அம்புட்டுத்தான். தலை பொளந்தாலோ, கண்ணு மங்கினாலோ, நெஞ்சுக்குழிக்குக் கீழ வலிச்சாலோ, முகமும் கையும் திடீர்னு உப்பினாலோ, புள்ள துள்ளுறது குறைஞ்சாலோ என்னைத் தேடி வராத, 108ஐக் கூப்பிடு. நான் விளக்கெண்ணெய்தான் தருவேன். உப்பக் குறைச்சா எல்லாம் சரியாப் போகும்னு இருந்துறாத. மாத்திரை குடுத்தா முழுங்கு. என் பிரஷர் மாத்திரைய மட்டும் எடுத்துப் போட்டுறாத. எனக்குச் சேருறதுல சிலது வயித்துப் புள்ளைக்கு ஆகாது.

பெத்தாச்சு, பீடை விட்டுச்சுன்னு அட்டையத் தூக்கிப் பரண்ல போட்டுறாதீக மாப்பிள்ளை. பிரஷர் பெத்த பிறகும் ஏறும். சக்கரை வந்தவுக ஆறு வாரம் கழிச்சு அந்த 75 கிராம் தண்ணிய மறுபடி குடிச்சுப் பாக்கணும், அப்புறமும் விட்டுறக் கூடாது. அது சொல்லிக்காமப் போன விருந்தாளி, ஒரு நாளைக்குப் பொட்டியோட வந்து நிக்கும்.

எந்திரி, மணியாகுது, பஸ்சு வந்துரும். அடுக்களைப் பக்கம் என்ன பார்வை? அந்த டப்பா காலி. எறும்பு தின்னுருச்சு. எந்த எறும்புன்னு கேக்காத தாயி, அதுக்குப் பல்லு இல்ல, ஊற வச்சுத்தான் தின்னுச்சு.