துருவுக்கு வந்த மவுசு

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் நான் வளர்ந்த காலத்தில், வீட்டு வேலைக்கென்று கடையில் வாங்கிய ஒரே பொருள் ஆணி. அதிலும் பாதி பழைய ஆணி. பலகையிலிருந்து பிடுங்கியதை அப்பா கருங்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவார். வளைந்த ஆணியைத் தூக்கி எறிந்தால் முதுகில் ஒன்று விழும்.

தேயிலைப் பெட்டி ஒன்று கையில் கிடைத்தால் அன்றைக்குத் திருவிழாதான். பிளைவுட் பலகை அறையை இரண்டாக்கும் தடுப்புச் சுவராகும். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள் அடுப்படிச் சுவரில் ஏறும். ஓரத்துத் தகரப்பட்டை கதவுக்கு ஒட்டுப் போடும். தார் டின்னை வெட்டி விரித்தால் குளியலறைக்கு ஒரு பக்கம் மறைப்பு. அகத்தியர்கூட மலையின் அடிவாரத்தில் ஆனி மழை பிடித்தால் லேசில் விடாது. ஐப்பசியில் இன்னொரு சுற்று வரும். ஒவ்வொரு மழைக்கும் ஓர் ஒட்டு. லயத்தின் கூரையில் எது பழைய தகரம், எது ஒட்டுத் தகரம் என்று கடைசியில் எங்களுக்கே தெரியவில்லை. இதைப் பார்த்து எங்களை யாரும் சுற்றுச்சூழல் காவலர்கள் என்று பாராட்டவில்லை. 'இல்லாதப்பட்டதுங்க' என்றார்கள்.

இப்போது திருவனந்தபுரத்தில் உறவுக்காரப் பையன் 'பசுமை வீடு' கட்டியிருக்கிறான். வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்கத் துருப்பிடித்த தகரம், அதன்மேல் பளபளவென்று வார்னிஷ். ஆர்க்கிடெக்ட் தம்பி அம்மாவுக்கு விளக்கினார்: "துருவ அப்படியே விட்ரணும் பாட்டி, அதுதான் அழகு."

"எங்க லயத்துல இந்த அழகு நிறைய இருந்துச்சு தம்பி. ராத்திரியில ஒழுகவும் செய்யும்."

பழைய தேக்குக் கதவு ஒன்றும் அங்கே இருந்தது. அதன் விலையைக் கேட்டபின் அம்மா அதைத் தொடவே இல்லை.

கேலி இருக்கட்டும். இதே ஊரில், கழித்த பொருளால் கட்டுவதை வேடிக்கையாக அல்லாமல் பொறியியலாகச் செய்து காட்டியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். காங்கிரீட் கூரைத் தளத்தின் அடிப்பாகத்தில் இருக்கும் காங்கிரீட் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது, பாரத்தைத் தாங்குவது அங்கே கம்பிதான். அந்தக் காங்கிரீட்டுக்குப் பதில், கழித்துக் கட்டிய மங்களூர் ஓடுகளை அவர் வைத்தார். எடை குறைந்தது, சிமென்டும் குறைந்தது. உள்ளூரில் 1970களில் எழுந்த வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் அவர் கைவண்ணம். அங்கே போய்ப் பார்த்தால் சிக்கனத்துக்கும் பஞ்சத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அவர் ஓட்டைத் தேர்ந்தெடுத்தார். எங்களுக்குத் தகரம் வாய்த்தது, அவ்வளவுதான்.

பழையதைத் திரும்பப் பயன்படுத்தும் இந்த வழிக்குச் சட்டமும் மெல்ல வந்து சேர்ந்தது. 2016-இல் வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள், ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ ஒரு வேலையில் மாதம் 300 டன்னுக்கு மேலோ கழிவு தள்ளுபவர்கள் காங்கிரீட், மண், இரும்பு, மரம், செங்கல் என்று தனித்தனியே பிரித்துவைக்க வேண்டும் என்றன. அதே ஆண்டின் ஐ.எஸ். 383 தரநிலை, இடித்த காங்கிரீட்டை உடைத்த ஜல்லியைக் கம்பி போட்ட காங்கிரீட்டிலும் ஓர் அளவுவரை, எம்25 தரம் வரைக்கும், சேர்க்கலாம் என்றது. அந்த ஜல்லியைப் போடச் சொன்னால் நம் கொத்தனார் இன்னும் முகம் சுளிக்கிறார். தகரச் சுவருக்குச் சுளிக்காதவர்கள் இதற்குச் சுளிப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

போனக்காட்டுக்கு இன்றும் கார்கள் வருகின்றன. வருகிறவர்களில் பலர் தேடுவது 'பேய் பங்களா' என்று பேர் வாங்கிய பழைய பங்களாவை. தேயிலை ஆலை ஓடி வருஷக்கணக்காகிறது. லயங்களில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது படம் எடுப்பவர்களின் கண்ணில் படுவதில்லை. தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுப்பதும் அதைப் பழுது பார்ப்பதும் முதலாளியின் பொறுப்பு என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. நாங்கள் அடித்த ஒட்டுகள் எல்லாம் அந்தப் பொறுப்பின்மேல் அடித்த ஒட்டுகள்.

நகரத்தில் பழைய வீட்டை இடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜேசிபியைக் கூப்பிடும் முன் இரண்டு ஆளை ஏற்றி ஓட்டையும் கழிக்கோலையும் உடையாமல் இறக்கச் சொல்லுங்கள். அலங்காரச் சுவருக்கு வேண்டாம். ஒழுகாத பழைய ஓடு கிடைத்தால் கூரைக்கே போடுகிற வீடுகள் எங்கள் மலைப் பக்கம், விதுராவுக்கு மேலே, இன்னும் இருக்கின்றன.