சேவல் மார்க் செயலி

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சரக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்ற கவலைக்கு, சிவகாசி அந்தக் காலத்திலேயே மருந்து அச்சடித்துவிட்டது. அணில், சேவல் என்று பெட்டி மேல் ஒரு படம், அவ்வளவுதான். 1951-52 பொதுத் தேர்தலிலும் அதே வித்தை. கோடிக்கணக்கானோர் சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். ‘அனைத்தையும் அனுமதி’ என்பதை யாரும் அழுத்தச் சொல்லவில்லை.

பிறகு நாம் முன்னேறினோம். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை எண்ண 2021-ல் என்.எம்.எம்.எஸ். என்றொரு செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். தினம் இரண்டு முறை படம், அதுவும் இருப்பிடக் குறியோடு. ஆமத்தூர்ப் பக்கத்துக் கண்மாயில் சிக்னல் சீமைக்கருவேலத்துக்குள் ஒளிந்துகொண்டால், பணித்தளப் பொறுப்பாளர் கரைமேல் ஏறி போனை வானத்துக்குக் காட்ட வேண்டும். கீழே மண்வெட்டிகள் காத்திருக்கும். “யக்கா, வட்டம் இன்னும் சுத்துதா?”

2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே குறைப்பட்டுக்கொண்டது: சம்பந்தமில்லாத படங்கள், படத்தையே படமெடுத்த படங்கள் எல்லாம் ஏறுகின்றனவாம். புதுப் பயனாளர்களுக்குச் செயலி பிடிபடாது என்று யார் சொன்னது?

இண்டேன் 2021-ல் மிஸ்டு கால் கொடுத்தால் சிலிண்டர் பதிவு என்றது. திரையும் இல்லை, பொத்தானும் இல்லை. இதைவிட எளிமை கிடையாது. என்ன, வாசலுக்கு வந்த சிலிண்டரை வாங்க மட்டும் ஓ.டி.பி. சொல்ல வேண்டும்.