ஒண்ணு போனா இன்னொண்ணு

திண்டுக்கல்லில் பூட்டுக் கடை வைத்திருப்பவருக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் எடுப்பது லேசான காரியமில்லை. நாகல் நகர்ப் பக்கம் கடை வைத்திருக்கும் என் மாமா, மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு, உண்டியல் பூட்டு என்று ஊர் ஊராகப் பாதுகாப்பு விற்கிறவர். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், கொஞ்ச நாளைக்கு யாரிடமும் பேரம் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவர் கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க். 2009 வாக்கில் வாங்கியது. ஒன்றில் என்ன எழுதினாலும் அதே நொடியில் மற்றதிலும் எழுதிவிடும். விற்றவர், "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குண்ணே" என்றாராம். பில், வாரண்டி அட்டை, சிடி எல்லாம் எங்கோ போய்விட்டன. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாமா பத்திரமாக வைத்திருந்தார்.

இந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். கடைக்குள் அதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று மாமா உத்தரவு. 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையில் வந்த பெயர் அது. விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்கை நம்புவதற்குப் பதில், மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்க்கலாம் என்பது அவர்கள் கட்சி. கூட்டுச் சேர்ப்பதற்குப் பல வகை சொல்லி நம்பர் போட்டார்கள். அதில் முதல் நம்பர், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்கை வைக்கும் மிரர். மாமா கடையில் இருப்பது அதுதான்.

பிரிண்டரில் பேப்பர் சிக்கிவிட்டது என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த தங்கச்சி மகனை வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்? பேப்பரை உருவிவிட்டு சிஸ்டத்தை ஒருமுறை அணைத்துப் போட்டபோது, கறுப்புத் திரையில் நாலைந்து விநாடி 'டீகிரேடட்' என்று வந்து மறைந்தது. இரண்டில் ஒன்று செத்துவிட்டது.

தினமும் காலையில் இது வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் கணக்குப்பிள்ளை சுவிட்சைப் போட்ட கையோடு சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தப் போய்விடுவார். திரும்பி வரும்போது விண்டோஸ் வந்திருக்கும். விண்டோஸும் தன் பங்குக்கு வலது கீழ் மூலையில் மஞ்சள் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தது. மானிட்டரில் அந்த மூலை பார்த்து யாரோ பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

"மாமா, ஒரு டிஸ்க் செத்துப்போச்சு."

"எப்ப?"

"தெரியல. ரொம்ப நாளாயிருக்கும்."

"பில்லு வருதுல்ல?"

"வருது."

"டேலி ஓடுதுல்ல?"

"ஓடுது."

"அப்புறம் என்னடா மாப்ள செத்துப்போச்சு?"

இதற்கு என்ன பதில் சொல்ல? ரெய்டின் பெரிய கோளாறே அது சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதுதான். ஒரு டிஸ்க் போனால் கடை நிற்காது என்று சொல்லியிருந்தது, நிற்கவில்லை. நின்றிருந்தால் அன்றைக்கே மாமா பர்ஸைத் திறந்திருப்பார். ஓடுகிற வண்டிக்குச் செலவு செய்யச் சொல்கிறவனை உலகம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

அவர் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன். "பூட்டுக்கு ரெண்டு சாவி தர்றீங்கள்ல? ஒரு சாவி தொலஞ்ச அன்னைக்கும் பூட்டு திறக்கத்தான் செய்யும். அதுக்காக மாத்துச் சாவி அடிக்காம விட்டா?"

மாமா சிரித்தார். "முப்பது வருசமா பாக்குறேன் மாப்ள. எவன் தொலைச்சிருக்கான் ஒரு சாவிய? ரெண்டையும் ஒரே வளையத்துல கோத்து வெச்சிருப்பாங்க. தொலைஞ்சா ரெண்டும் சேந்துதான் தொலையும்."

அவர் எதிர்த்துப் பேசுவதாக நினைத்துக்கொண்டு என் கட்சியைத்தான் பேசினார். ஒரே பெட்டி, ஒரே கரண்டு, ஒரே திருடன். கணக்குப்பிள்ளை ஒரு லெட்ஜரைத் தெரியாமல் அழித்தால் மிரர் அதையும் சிரத்தையாக இரண்டு டிஸ்க்கிலும் அழிக்கும். தனியாக பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டேன். பென் டிரைவ் ஒன்றை எடுத்து நீட்டினார்கள். அதில் இளையராஜா பாட்டு இருந்தது.

ஆகவே முதல் வேலையாக, உயிரோடிருக்கும் டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் வெளி டிஸ்க் ஒன்றுக்குக் காப்பி போட்டேன். மிரரைச் சரிசெய்யும்போது மிச்சமுள்ள டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். அது செத்ததோடு ஒரே நாளில் வாங்கிய, அதே வயசு டிஸ்க். பாதியில் அதுவும் மண்டையைப் போட்டால் மாமா முகத்தில் நான் முழிக்க முடியாது.

காப்பி ஆகும் நேரத்தில் மாமாவுக்கு ஒரு கணக்குச் சொன்னேன். ஹார்ட் டிஸ்க் கம்பெனிகள் சராசரி ஆயுள் பத்து லட்சம் மணி நேரம் என்று அச்சடிப்பார்கள். அதாவது 114 வருடம். 2007இல் பியாங்கா ஷ்ரோடர் என்பவரும், ரெய்டு கட்டுரை எழுதிய அதே கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் கதையைக் கிளறிப் பார்த்தார்கள். அந்த அச்சுக் கணக்குப்படி வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்றுகூடப் போகக் கூடாது. நிஜத்தில் இரண்டு முதல் நான்கு வரை மாற்றுவது சர்வசாதாரணமாக இருந்தது. சில இடங்களில் பதிமூன்று வரை போனது.

"114 வருசம் உழைக்கிற சாமானுக்கு எதுக்குடா மூணு வருச வாரண்டி?" என்றார் மாமா. அந்தக் கட்டுரையின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்தது புது டிஸ்க். மாற்று டிஸ்க் பழையதைவிட ஒரு சொட்டுகூடக் குறைந்த அளவில் இருக்கக் கூடாது. பெரிதாக இருக்கலாம். 500 ஜிபி இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. ஒரு கடையில் "புதுசுண்ணே" என்று ஒன்றைத் தந்தார்கள். டிஸ்க் தான் ஓடிய நேரத்தைத் தனக்குள்ளேயே குறித்து வைத்திருக்கும். எடுத்துப் பார்த்தால் 41,000 மணி நேரம். வருடத்துக்கு 8,760 மணி நேரம். நாலரை வருடத்துக்கு மேல் இரவு பகல் பாராமல் உழைத்த புதுசு. திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு டிபி வாங்கினோம்.

"மீதி 500?"

"சும்மா கிடக்கும் மாமா. சின்னது எவ்வளவோ அவ்வளவுதான் ரெண்டுலயும்."

"அப்பப் பாதி விலைக்குக் கேளு."

விண்டோஸ் அந்த 500ஐயும் 465 என்றுதான் காட்டும். தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. இதை நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியதில்லை. "எடையிலயும் அடிக்கிறானா!" என்று மாமா அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சிபியு பெட்டியைத் திறந்தேன். போன ஆயுத பூஜையின் பொரி அடியில் கிடந்தது. டிஸ்க் ஓடுவதைக் காட்டும் குட்டி விளக்கின் மேல் குறி பார்த்து வைத்த சந்தனம். உள்ளே இரண்டு டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே தூசி. செத்தது எது? வித்தியாசம் சீரியல் நம்பரில் மட்டும்தான். கன்ட்ரோலையும் ஐயையும் சேர்த்து அழுத்தினால் வரும் திரையில், நல்ல டிஸ்க்கின் நம்பர் இருக்கும். அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு, டார்ச் அடித்து, லேபிளின் பொடி எழுத்தோடு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கணக்குப்பிள்ளை படிக்க, நான் திரும்பச் சொல்ல, மாமா "ஒருக்கா மறுபடி" என்றார். பல கோடி உண்டியலைக் காக்கும் பூட்டைச் செய்யும் குடும்பம். இந்த ஒரு விஷயத்தில் அவரை யாரும் அவசரப்படுத்த முடியாது.

புது டிஸ்க்கைப் பொருத்தி, சாட்டா கேபிளைச் சொருகி, போட்டதும் அந்தத் திரை தானே கேட்டது: எதில் திரும்ப எழுதட்டும்? புதியதைக் காட்டி என்டர். மிச்சத்தை விண்டோஸுக்குள் போய் முடித்துக்கொள்கிறேன் என்றது. அதற்கு ஃபைல் தெரியாது, லெட்ஜர் தெரியாது. 97,67,73,168 செக்டர், ஒவ்வொன்றாக அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். காலி இடத்தையும் காப்பி எடுக்கும் என்று கேட்டு மாமா மனம் நொந்தார்.

வேலை நடக்கும்போதே பில் போடலாம், கொஞ்சம் மெதுவாக ஓடும் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பில் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளைச் சொருகி, அழுத்தி அழுத்தி எழுதினார். மேல் தாள் வாடிக்கையாளருக்கு, அடித் தாள் கடைக்கு. 2012 மின்வெட்டுக் காலத்தோடு உயிரை விட்டு, இத்தனை வருடமும் ஸ்டூலாக இருந்த யூபிஎஸ்ஸுக்கும் அன்றுதான் புது பேட்டரி வந்தது. அதன் மேல் உட்கார்ந்து பழகிய கணக்குப்பிள்ளைக்குத்தான் வருத்தம்.

சாயங்காலம் 'நார்மல்' என்று வந்தது.

"இப்ப என்ன மாறியிருக்கு?"

"ஒண்ணும் மாறல மாமா. முன்ன மாதிரியேதான்."

அவர் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் செத்த டிஸ்க்கைக் கையில் எடுத்தேன். கணக்கு இருந்த டிஸ்க்கை அப்படியே எடைக்குப் போடக் கூடாது, பிரித்துவிடலாம் என்றேன். மூடியில் நட்சத்திர வாய்த் திருகுகள். என்னிடம் அதற்கான டிரைவர் இல்லை. பட்டறை ஆசாரி ஒரு கம்பியை அரத்தில் நாலு இழுப்பு இழுத்து, அங்கேயே ஒன்று செய்துவிட்டார். உள்ளே பளபளவென்று ஒரு தட்டு. மாமா அதில் மீசையைப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் இரண்டு காந்தம். கட்டைவிரல் அகலம்கூட இல்லை, மேஜையில் வைத்ததும் எங்கிருந்தோ ஒரு ஸ்பிரிங் ஓடிவந்து ஒட்டியது. ஆசாரி ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டார். தரையில் சிந்தும் பொடி ஸ்பிரிங்கையும் ஆணியையும் பொறுக்க இப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். மற்றது மாமாவின் கல்லாவில், சாவிக்கொத்தோடு ஒட்டிக்கொண்டது. அத்தை வந்து பார்த்துவிட்டு ஃபிரிட்ஜுக்கு ஒன்று வேண்டும் என்றார்.

வாசலில் நான் வண்டியை எடுக்கும்போது மாமா பின்னாலேயே வந்தார்.

"மாப்ள, இன்னொரு டிஸ்க்கும் அதே வயசுன்னியே. அது எப்பப் போகும்?"